உருது அகராதியைத் திறக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உருது கற்க விரும்பும் தமிழ் வாசகர் முதலில் கேட்பது, எந்த அகராதியை வாங்கலாம் என்பதுதான். அதற்கு ஒரே நூலின் பெயரைச் சொல்லி முடித்துவிட இயலாது. டெல்லி, லக்னோ, ஹைதராபாத், லாகூர், கராச்சி எனப் பல நகரங்களில் வெவ்வேறு காலங்களில் வளர்ந்த மொழி அது. ஒவ்வோர் அகராதியும் ஏதேனும் ஒரு நகரத்தின், ஒரு காலத்தின் உருதுவையே முதன்மையாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே, எந்தச் சொல்லுக்கு எந்த அகராதியைத் திறக்க வேண்டும் என்று அறிவதே உருதுவின் வளர்ச்சியை அறிவதும் ஆகும். இக்கட்டுரை எழுத்தறிமுகத்தில் தொடங்கி, அகராதியின் வரிசை, அகராதிகளின் வரலாறு, பதிவைப் படிக்கும் முறை, இணையத் தேடல், தக்காணத்து உருதுவான தக்கினி என்ற ஒழுங்கில் செல்கிறது.

முதற்படி: தெரிந்த சொற்களைக் கொண்டு எழுத்தைப் பழகுதல்

உருது, வலமிருந்து இடமாக, நஸ்தலீக் என்னும் சாய்வெழுத்தில் எழுதப்படுகிறது. எண்ணும் முறையைப் பொறுத்து எழுத்துகளின் தொகை மாறும். மூச்சொலி சேர்ந்த கூட்டெழுத்துகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் ஐம்பதைத் தாண்டும். இதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் தமிழருக்கு ஒரு நல்ல முதலீடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி, தஞ்சை மராத்தியர் ஆட்சி, பின்னர் கம்பெனியாரின் வருவாய் நிர்வாகம் ஆகியவற்றின் வழியாக நம் பேச்சில் கலந்த வக்கீல், வசூல், அசல், நகல், பாக்கி, ஜாமீன், ஜில்லா, வாரிசு, கைதி, ஆஜர் போன்ற சொற்களே எழுத்துப் பயிற்சிக்குப் போதுமானவை. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இத்தகைய சொற்களுக்கு அருகே உருது மூலம் என்னும் குறி இடப்பட்டிருக்கும். அந்தக் குறியைத் தேடி ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். தமிழில் அது ‘ஜ’வில் தொடங்குகிறது. உருதுவில் ஜீம் என்ற எழுத்தில் தேடினால் கிடைக்காது. தமிழின் ‘ஜ’, உருதுவின் ஜீமையும், பல்லிடுக்கில் அதிரும் ஒலிக்குரிய ஜால், ஜே, ஜ்வாத், ஜோய் என்ற நான்கு எழுத்துகளையும் சேர்த்துக் குறிக்கிறது. இந்நான்கும் உருதுவில் ஒரே ஒலியாகவே உச்சரிக்கப்படுகின்றன. எழுத்தில் மட்டும் வேறுபடுகின்றன. ஜில்லா என்பது ஜ்வாத், லாம், ஐன் என்ற மூன்றெழுத்துகளாலான சொல். ஜாமீனும் அதே ஜ்வாத்தில் தொடங்குகிறது. ஆஜரின் நடுவில் இருப்பதும் ஜ்வாத்தே. அதன் முதலில் தமிழில் நாம் இழந்துவிட்ட ‘பெரிய ஹே’ என்ற ஹகர எழுத்து இருக்கிறது. வாரிசின் இறுதியில் ஸே, வசூலின் நடுவில் ஸ்வாத் என, ஸீனையும் சேர்த்து ‘ஸ’ ஒலிக்கும் மூன்று எழுத்துகள் உள்ளன.

ஒலி ஒன்றாயினும் இத்தனை எழுத்துகளை உருது விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அரபுச் சொற்களின் மூல எழுத்துக்கோவையை அது மாற்றாமல் காப்பதாகும். புதியவருக்குத் தொல்லையாகத் தோன்றும் இவ்வழக்கம், பழகியபின் பெரிய உதவியாகிவிடுகிறது. ஸே, ஸ்வாத், ஜ்வாத், தோய், ஜோய், ஐன், பெரிய ஹே ஆகியவற்றில் ஒன்று சொல்லில் இருந்தால் அது பெரும்பாலும் அரபு வழி வந்தது. நாக்கை மடித்து ஒலிக்கும் டகர வகை எழுத்துகளோ, மூச்சொலியைக் காட்டும் ‘தோ சஷ்மி ஹே’ எனப்படும் இரு கண் ஹேயோ இருந்தால் அது பெரும்பாலும் இந்திய மண்ணின் சொல். எழுத்துக்கோவையைப் பார்த்த அளவிலேயே சொல்லின் பிறப்பிடத்தை ஊகிக்க முடிவதால், எந்த அகராதியைத் திறக்கலாம் என்பதும் பாதி தெளிவாகிவிடுகிறது.

இரண்டாம் படி: வரிசையின் இயல்பை அறிதல்

பெரும்பாலான உருது அகராதிகள் சொல்லின் முதலெழுத்தைப் பின்பற்றி அமைந்தவை. அரபு அகராதிகள் சிலவற்றைப் போல வேர் எழுத்துகளைப் பின்பற்றுபவை அல்ல. இதனால் ஒரே வேரில் பிறந்த சொற்கள் நூல் முழுதும் சிதறிக் கிடக்கும். நம் வருவாய்த்துறையில் வழங்கும் தாசிலும், வயலில் வழங்கும் மகசூலும், உருதுவில் ‘பெற்றது’ எனப் பொருள்படும் ஹாஸிலும் பெரிய ஹே, ஸ்வாத், லாம் என்ற ஒரே மூன்றெழுத்து வேரிலிருந்து வந்தவை. ஆயினும் தஹ்ஸீல் ‘தே’யிலும், மஹ்ஸூல் ‘மீம்’மிலும், ஹாஸில் ‘பெரிய ஹே’யிலும் இருக்கும். ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவுடன் அதன் வேரைக் குறித்துக்கொண்டு, அதே மூன்றெழுத்துகள் அமைந்த பிற சொற்களையும் தேடிப் பார்க்கும் பழக்கம், மனப்பாடம் செய்வதைவிடப் பன்மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். ஒன்று, மேலே ‘மத்து’ என்னும் நெளிகோடு இட்ட, ‘ஆ’ ஒலிக்குரிய அலிஃப் என்ற முதலெழுத்து. பல அகராதிகள் இதனைத் தனிப் பகுதியாக முதலில் வைத்துவிட்டு, பிறகே வெறும் அலிஃபைத் தொடங்குகின்றன. மற்றொன்று, மூச்சொலி எழுத்துகள். வீடு எனப் பொருள்படும் ‘கர்’ என்ற சொல் காஃபின் மெல்லொலி வடிவமும் இரு கண் ஹேயும் சேர்ந்து தொடங்குகிறது. இந்தச் சேர்க்கையைச் சில அகராதிகள் இரண்டு எழுத்துகளாகவும், கராச்சியின் பேரகராதி ஒரே தனி எழுத்தாகவும் கொள்கின்றன. அகராதியின் முன்னுரையில் இதுபற்றி ஒரு பத்தி இருக்கும். அதைப் படிக்காமல் சொல்லைத் தேடத் தொடங்காதீர்கள்.

இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. ஜபர், ஜேர், பேஷ் எனப்படும் குற்றுயிர்க் குறிகளை அன்றாட உருது எழுதுவதில்லை. மீம், லாம், காஃப் என்ற மூன்றெழுத்துகளை மட்டும் ஒரு வரியில் கண்டால், அது நாடு எனப் பொருள்படும் ‘முல்க்’ ஆகலாம்; அரசன் எனப் பொருள்படும் ‘மலிக்’ ஆகலாம்; உடைமை எனப் பொருள்படும் ‘மில்க்’ ஆகலாம்; வானவர் எனப் பொருள்படும் ‘மலக்’கும் ஆகலாம். நான்கிற்கும் எழுத்து வடிவம் ஒன்றே. அகராதி இவற்றை நான்கு தலைச்சொற்களாகப் பிரித்துக் குறியிட்டுக் காட்டும். உங்கள் வரிக்கு எது பொருந்தும் என்பதைச் சூழலே முடிவு செய்யும். உச்சரிப்பில் ஐயம் எழும்போது ஷானுல் ஹக் ஹக்கீ தொகுத்த ‘ஃபர்ஹங்கே தலஃபுஜ்’ என்னும் உச்சரிப்பு அகராதி கைகொடுக்கும்.

மூன்றாம் படி: அகராதிகளின் வரலாற்றை அறிந்து தேர்தல்

முன்பு ஹிந்தவி, தெஹ்லவி, குஜரி, தக்கினி, ரேக்தா எனப் பல பெயர்களில் வழங்கிய இம்மொழிக்கு உருது என்னும் பெயர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெறத் தொடங்கியது. அதற்கு முன்பே அதன் சொற்களைத் தொகுத்தவர்கள் இருந்தனர். ஔரங்கசீப் காலத்தில் ஹான்சி என்ற ஊரைச் சேர்ந்த அப்துல் வாஸி, ‘கராயிபுல் லுகாத்’ என்ற பெயரில் இந்தியச் சொற்களுக்குப் பாரசீகத்தில் பொருள் எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிராஜுத்தீன் அலி கான் ஆர்ஜு அந்நூலைத் திருத்தி ‘நவாதிருல் அல்ஃபாஜ்’ ஆக்கியபோது, ஹான்சிக்காரரின் பல சொல்வழக்குகளைத் தலைநகரத்தார் பேச்சைக் கொண்டு மறுத்தார். எந்த ஊர்ப் பேச்சு சரி என்ற வழக்கு உருது அகராதியோடு கூடவே பிறந்தது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த கட்டத்தில் ஆங்கிலேயர் வருகின்றனர். ஜான் கில்கிறிஸ்ட் 1780களின் பிற்பகுதியில் ஆங்கில-ஹிந்துஸ்தானி அகராதியைக் கல்கத்தாவில் வெளியிடத் தொடங்கினார். 1800இல் அங்கே நிறுவப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில் எளிய உருது உரைநடைக்கு ஊக்கம் கிடைத்தது. 1817இல் ஜான் ஷேக்ஸ்பியரின் அகராதி லண்டனில் வந்தது. 1837இல் கம்பெனி அரசு பாரசீகத்தை அலுவல் மொழி நிலையிலிருந்து நீக்கியதன்பின் வட இந்தியாவின் பல பகுதிகளில் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் உருது இடம்பிடிக்க, அகராதிகளின் தேவையும் பெருகியது. இவ்வரிசையில் இன்றைய மாணவருக்கு இரண்டு நூல்கள் இன்றியமையாதவை.

ஒன்று, 1879இல் வந்த ஃபேலனின் ஹிந்துஸ்தானி-ஆங்கில அகராதி. பண்டிதர்களின் அரபு, பாரசீகச் சொற்களில் மயங்காமல் உழவர், கைவினைஞர், வீட்டுப் பெண்கள் பேச்சையும், பாட்டையும் பழமொழியையும் தேடிச் சேர்த்தவர் அவர். நாட்டுப்பாடல் அல்லது பழைய கதை வாசிக்கையில் வரும் வீட்டுச் சொல்லுக்கு இதைத் திறக்கலாம். மற்றொன்று, 1884இல் ஜான் பிளாட்ஸ் வெளியிட்ட அகராதி. தலைச்சொல் ஒவ்வொன்றின் முன்னும் அது அரபா, பாரசீகமா, சமஸ்கிருதமா, இந்திச் சொல்லா என்பதை ஓர் எழுத்தால் குறித்து, இந்தியச் சொற்களுக்குத் தேவநாகரி வடிவமும் ரோமன் எழுத்து வடிவமும் தந்து, சொற்பிறப்பும் காட்டுவதால், ஆங்கிலம் வழியே கற்கும் ஒருவருக்கு இதற்கிணையான ஒற்றைத் தொகுதி இன்றும் இல்லை. மீர், காலிப் போன்றோரின் கஜல்களுக்கு இது போதும். 20ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாளுக்குப் போதாது.

உருதுவிலிருந்து உருதுவுக்குப் பொருள் சொல்லும் பெரிய அகராதிகளின் காலமும் இதுவே. டெல்லியைச் சேர்ந்த சையத் அகமது தெஹ்லவி ஃபேலனின் உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அந்த அனுபவத்தோடு அவர் தனியே தொகுத்ததே ‘ஃபர்ஹங்கே ஆசிஃபியா’. நான்கு தொகுதிகளில், ஏறத்தாழ 54,000 பதிவுகளோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவுற்ற இந்நூல், ஆதரவு தந்த ஹைதராபாத் நிஜாமின் ஆசிஃப் ஜாஹி மரபின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அதன் உயிர் டெல்லியில் இருக்கிறது. 1857க்குப் பின் செங்கோட்டையைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் சிதறி, அவர்களின் பேச்சும் மறையத் தொடங்கிய நிலையில், அந்த நகரத்துச் சடங்கு, விளையாட்டு, உணவு, அணிகலன், வசவு, வாழ்த்து அனைத்தையும் சொற்களோடு சேர்த்து எழுதி வைத்தவர் தெஹ்லவி. பொருள் தேடிச் சென்றவர் ஒரு பக்கம் முழுவதையும் படித்துவிட்டு எழுந்திருக்கும்படி செய்யும் அகராதி இது.

லக்னோ தரப்பில் அமீர் மீனாயி ‘அமீருல் லுகாத்’ என்னும் மாபெரும் நூலைத் திட்டமிட்டார். அவர் வாழ்நாளில் வெளிவந்த இரண்டு தொகுதிகளும் அலிஃப் என்ற முதலெழுத்தையே தாண்டவில்லை. 1900இல் ஹைதராபாதில் அவர் காலமானார். லக்னோவின் வழக்கை முழுமையாகக் காண, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூருல் ஹசன் நய்யர் காகோரவி நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ‘நூருல் லுகாத்’தை நாட வேண்டும். பழங்கவிதை வாசிப்பவர் ஆசிஃபியாவையும் நூரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். ஒரு சொல்லின் பாலிலோ மரபுத்தொடரிலோ இரு நகரங்களும் வேறுபடும் இடங்கள் அப்போதுதான் தெரியவரும்.

இவையனைத்திற்கும் சிகரமானது, கராச்சியில் 1958இல் தொடங்கப்பட்ட வாரியம் உருவாக்கிய 22 தொகுதிப் பேரகராதி. ‘பாபாயே உருது’ என்று போற்றப்படும் மௌல்வி அப்துல் ஹக் அதன் முதல் தலைமைப் பதிப்பாசிரியர். அவர் 1961இல் மறைந்தார். முதல் தொகுதி 1977இல் வெளிவந்தது. கடைசித் தொகுதி 2010இல் நிறைவுற்றது. ஆக்ஸ்ஃபர்டு பேரகராதியின் வழியில், ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில், எந்த ஆண்டில், எப்பொருளில் ஆளப்பட்டது என்பதை மேற்கோளோடு தரும் வரலாற்று அகராதி இது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ஒரு சொல்லின் வாழ்க்கையை முழுதாக அறிய விரும்புவோர் இறுதியில் வந்து சேர வேண்டிய இடம் இதுவே. ஆனால் தொடக்கநிலை மாணவர் இதிலிருந்து தொடங்கினால் மேற்கோள்களிலேயே திணறிப்போவார்.

அப்படியானால் முதலில் எது? முதல் ஆண்டுக்குப் பிளாட்ஸும், லாகூரின் ஃபெரோஸ்சன்ஸ் வெளியிட்டுப் பரவலாக வழங்கும் ‘ஃபெரோஜுல் லுகாத்’ போன்ற ஒரு கையடக்க உருது-உருது அகராதியும் போதும்.

நான்காம் படி: பதிவைப் படிக்கும் முறை

சொல் கிடைத்தவுடன் பொருளுக்குத் தாவாமல், அடைப்புக்குள் இருக்கும் குறிகளைப் படியுங்கள். உருது அகராதிகளில் ஐன் எழுத்து அரபையும், ஃபே எழுத்து பாரசீகத்தையும் குறிக்கும். அடுத்து, ஆண்பாலா பெண்பாலா என்ற குறிப்பு இருக்கும். தமிழில் புத்தகமும் வீடும் ஒன்றன்பாலில் அடங்கிவிடுவதால், இக்குறிப்பை நாம் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். உருதுவில் புத்தகம் பெண்பால், வீடு ஆண்பால். பால் தவறினால் வினையும் அடையும் சேர்ந்தே தவறும். புல்புல் பறவையை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் ஆண்ட கவிஞர்கள் உண்டு என்பதால், சில சொற்களுக்கு அகராதி இரண்டு பாலையும் தரும். குறிப்பேட்டில் சொல்லை எழுதும்போதே பாலையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்மை வடிவங்கள் அடுத்த தடை. அரபு வழி வந்த பெயர்ச்சொற்கள் உள்ளெழுத்து மாறிப் பன்மையாகும். ‘லஃப்ஜ்’ சொல், ‘அல்ஃபாஜ்’ சொற்கள். ‘கிதாப்’ நூல், ‘குதுப்’ நூல்கள். ‘ஷாயிர்’ கவிஞர், ‘ஷுஅரா’ கவிஞர்கள். அல்ஃபாஜை அலிஃபில் தேடினால், லஃப்ஜின் பன்மை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அங்கிருந்து லாமுக்குச் செல்ல வேண்டும். வினைகளை ‘னா’வில் முடியும் மூல வடிவில் தேடுங்கள். ‘கயா’ என்பதைக் கண்டால் ‘ஜானா’வையும், ‘கியா’ என்பதைக் கண்டால் ‘கர்னா’வையும் திறக்க வேண்டும் என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ளுங்கள்.

உருது அகராதியின் செல்வம் மரபுத்தொடர்களில் இருக்கிறது. கண் எனப் பொருள்படும் ‘ஆங்க்’ என்ற சொல்லை மத்து இட்ட அலிஃபின் பகுதியில் திறந்து பாருங்கள். கண் என்ற பொருள் ஒரு வரியில் முடிந்துவிடும்; அதன்பின் பத்தி பத்தியாகத் தொடர்கள் வரும். ‘ஆங்க் லக்னா’ என்றால் கண்ணயர்தல். காதல் கொள்ளுதலும் அதுவே. ‘ஆங்க் சுரானா’ என்றால் எதிரே வருபவரைப் பார்க்காததுபோல் நழுவுதல். ‘ஆங்கேன் பிச்சானா’ என்றால் வருபவரைப் பெருமதிப்புடன் எதிர்கொள்ளுதல். கஜலில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் அடி விளங்கவில்லை என்றால், அங்கே ஒரு மரபுத்தொடர் மறைந்திருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். தொடரின் முதற்சொல்லின் கீழேயே அது பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

ஐந்தாம் படி: இணையத்தில் தேடுதல்

பிளாட்ஸின் அகராதி முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. கராச்சிப் பேரகராதிக்கும் இணையப் பதிப்பு உண்டு. ரெக்தா என்னும் உருது இலக்கிய இணையதளத்தில் கவிதையின் எந்தச் சொல்லைத் தொட்டாலும் பொருள் தோன்றும். அதன் அகராதி உருது, தேவநாகரி, ரோமன் என மூன்று எழுத்திலும் சொல்லைக் காட்டுவதால், இந்தி தெரிந்தவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கைபேசியில் அரபு விசைப்பலகையைக் கொண்டு உருதுச் சொல்லைத் தட்டச்சு செய்தால், திரையில் சரியாகவே தெரிந்தாலும் தேடல் தோற்றுப்போகக்கூடும். அரபின் காஃப், யே, ஹே ஆகியவற்றுக்கும் உருதுவின் காஃப், யே, ஹே ஆகியவற்றுக்கும் யூனிகோடில் வெவ்வேறு குறியீட்டெண்கள் இருப்பதே காரணம். உருது விசைப்பலகையைத் தனியே நிறுவிக்கொள்ளுங்கள்.

தற்கால அறிவியல் சொற்களுக்குப் பழைய அகராதிகள் உதவா. 1918இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம் உயர்கல்வியை உருதுவிலேயே கற்பிக்க முனைந்து, மொழிபெயர்ப்புப் பணிமனை ஒன்றை நடத்தி, பல துறைகளுக்கும் கலைச்சொற்களை உருவாக்கியது. இவ்வகைச் சொற்களில் ‘யாத்’ என்னும் ஈறு அடிக்கடி வரும்: மஆஷியாத் பொருளியல், நஃப்ஸியாத் உளவியல், லிஸானியாத் மொழியியல். ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்குச் செல்ல, 1937இல் அப்துல் ஹக்கின் மேற்பார்வையில் அஞ்சுமன் தரக்கியே உருது என்னும் உருது வளர்ச்சிச் சங்கம் வெளியிட்ட ஆங்கில-உருது அகராதியும், பின்னாளில் ஹக்கீ தொகுத்த ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில-உருது அகராதியும் நம்பத்தக்கவை.

ஆறாம் படி: தக்கினிக்குத் தனி ஏற்பாடு

தமிழகத்தில் வாழ்பவர் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது. இம்மொழியின் இலக்கியம் டெல்லியில் செழிப்பதற்கு வெகுகாலம் முன்பே தக்காணத்தில் செழித்தது. 15ஆம் நூற்றாண்டின் பீதர் நகரில் நிஜாமி ‘கதம் ராவ் பதம் ராவ்’ என்ற கதைப்பாடலை எழுதினார். கோல்கொண்டாவை ஆண்ட முகமது குலி குதுப் ஷா தக்கினியில் பெருந்தொகைக் கவிதைகளைப் பாடினார். வஜ்ஹி 1635இல் ‘சப்ரஸ்’ என்ற உரைநடை நூலைப் படைத்தார். வலி என்ற தக்காணத்துக் கவிஞரின் கவிதைத் தொகுப்பு வடக்கே சென்றபின்னரே டெல்லிக் கவிஞர்கள் இம்மொழியில் கஜல் பாடுவதில் முழு ஊக்கம் கொண்டனர். வேலூரில் பிறந்த பாக்கர் ஆகா 18ஆம் நூற்றாண்டில் இம்மொழியில் பெரும்படைப்புகளைத் தந்தவர். இன்றும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னைத் திருவல்லிக்கேணி ஆகிய இடங்களில் வீட்டுமொழியாக இதன் வழக்குகளைக் கேட்கலாம்.

இச்சொற்களுக்கு டெல்லி, லக்னோ அகராதிகளைப் புரட்டுவது பெரும்பாலும் வீண். மசூத் ஹுசைன் கானும் குலாம் உமர் கானும் தொகுத்து 1969இல் ஹைதராபாதில் வெளியான ‘தகனி உருது கி லுகத்’தையும், ஜமீல் ஜாலிபியின் ‘கதீம் உருது கி லுகத்’தையும் நூலகத்தில் கேளுங்கள். வேண்டாம் எனப் பொருள்படும் ‘நக்கோ’ மராத்தியிலிருந்து வந்தது. ஆம் என்பதற்கு ‘ஹவ்’ வரும். பன்மைக்கு ‘ஆன்’ ஈறு சேரும் என்பதால், ‘லோகான்’ என்று கேட்டால் ஈற்றை நீக்கி ‘லோக்’ என்பதைத் தேட வேண்டும். பழைய தக்கினிப் பிரதிகள் அரபுச் சொற்களையும் பேசியபடியே எழுதுபவை. ஐன் வர வேண்டிய இடத்தில் அலிஃப் நிற்கும். எனவே ஒரு சொல் எழுதியவாறு கிடைக்கவில்லை என்றால், உரக்கப் படித்து, அதே ஒலியுள்ள மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள்.